மேல்மாடி வீடு, ராத்திரி பத்து மணிக்கும் கூரைத்தட்டு சுடுது. ஏசி இல்லாமல் என்ன செய்யலாம்?

மேல்மாடி_வாசி | ஏப்ரல் 2, இரவு 11:48

கொழும்பு வெள்ளவத்தை, கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில நாலாம் மாடி. எங்களுக்கு மேல ஆரும் இல்லை, வெறும் கொங்கிறீற் தட்டுத்தான். அம்மாவுக்கு 72 வயசு, மகனுக்கு எட்டு மாசம். இப்ப பதினொண்டே முக்கால். பல்கனியில போய் நிண்டா பரவாயில்லை எண்டு இருக்கு. அறைக்குள்ள வந்தா தோசைக்கல்லைத் தலைகீழாப் பிடிச்சு அதுக்குக் கீழ படுத்த மாதிரி. கட்டிலில ஏறி நிண்டு தட்டில கை வைச்சுப் பாத்தன். இளஞ்சூடு எண்டு சொல்லேலாது, சூடு.

வாடகை வீடு. வயரிங் பழசு, ஏசி பூட்ட வேண்டாம் எண்டு வீட்டுக்காரர் சொல்லிப்போட்டார். அந்த வயரைப் பாத்தா எனக்கும் அது சரியெண்டுதான் படுது. ஆனபடியா ஏசி வாங்கு எண்டு தயவுசெய்து சொல்லாதையுங்கோ. உடைக்காமல், துளை போடாமல் செய்யக்கூடிய வழி ஏதும் இருக்கோ?

கொழும்பு_ஆறு | ஏப்ரல் 3, காலை 7:10

வயரிங்கை மாத்திட்டு ஏசி வாங்கலாமே?

மேல்மாடி_வாசி | ஏப்ரல் 3, காலை 7:32

😑

தோஹா_ரிட்டர்ன் | ஏப்ரல் 3, காலை 9:05

தண்ணி ஊத்துற எயார் கூலர் ஒண்டு எடுங்கோ தம்பி. நான் கட்டாரில 11 வருசம் இருந்தவன். வேர்க்ஷொப்பில அதுதான் வைச்சிருந்தாங்கள், முன்னால நிண்டா குளிரும். கரண்டும் ஏசி எடுக்கிறதில பத்தில ஒரு பங்குதான். காசு இல்லையெண்டா யன்னலில ஈரச் சாரத்தைத் தொங்கவிட்டு ஃபேனைப் பின்னால வையுங்கோ.

பழைய_வரைவாளர் | ஏப்ரல் 3, காலை 11:20

தோஹா அண்ணை சொல்லுறது கட்டாரில உண்மை, அதுவும் காத்து வறண்டு கிடக்கிற மாசங்களில. கொழும்பில அதைச் செய்தா காசும் போகும், நித்திரையும் போகும். முப்பது வருசம் கட்டட வரைபடம் கீறினவன், இந்தக் கூலரைப் பற்றி எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன் எண்டு கணக்கில்லை.

தண்ணி ஆவியாகேக்க சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாக வேணுமெண்டா காத்தில இடம் இருக்க வேணும். ஏப்ரல் பின்னேரம் கொழும்பில 32 பாகை, ஈரப்பதன் 70 வீதம் எண்டு வையுங்கோ. அந்தக் காத்தின்ட ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுத்தின வெப்பமானி காட்டுற சூடு, 27 சொச்சம். உயர்தரத்தில (ஏ.எல்.) பௌதிகவியல் செய்தவைக்கு ஞாபகம் வரும். அதுக்குக் கீழ எந்தக் கூலராலயும் இறக்கேலாது. அவ்வளவுக்கு இறக்கிறதும் கடதாசியில மட்டும். கையில வாறது 28, 29, அதுவும் மூக்கை அடைக்கிற ஈரத்தோட. ராத்திரியில ஈரப்பதன் இன்னும் கூட. யன்னல் பூட்டின அறையில கூலர் ஓடினா அரை மணித்தியாலத்தில அறை நீராவி இடியப்பச் சட்டி. வேர்வை காயாது. வேர்வை காயாட்டி உடம்பு ஆறாது.

அதால தண்ணி வேலையை வீட்டுக்குள்ள செய்யாதையுங்கோ. செய்யிறதெண்டா கூரைக்கு வெளியில செய்யுங்கோ. தட்டில ஊத்தினா ஆவி வானத்துக்குப் போகும், குளிர்ச்சி தட்டுக்குக் கிடைக்கும். யன்னலில ஈரச் சாரம் தொங்கவிட்டா ஆவி உங்கட மூக்குக்குத்தான் வரும்.

தோஹா_ரிட்டர்ன் | ஏப்ரல் 3, மதியம் 12:02

சரி, கூலரை வாபஸ் வாங்குறன். அண்ணை சொல்லேக்கதான் யோசிச்சன், அங்கயும் ஆகஸ்ட், செப்டெம்பரில கடல் பக்கத்து ஈரக்காத்து வந்தா அந்த மெஷின் ஒண்டுக்கும் உதவாது. சும்மா சத்தம்தான்.

பழைய_வரைவாளர் | ஏப்ரல் 3, பிற்பகல் 3:44

தம்பி, உங்கட பிரச்சினைக்கு வாறன். கொஞ்சம் நீளும்.

கொழும்பு இருக்கிறது கிட்டத்தட்ட 7 பாகை வடக்கில. வருசத்தில ரெண்டு தரம் சூரியன் நேர உச்சியில நிக்கும். ஏப்ரல் 5 தொடங்கி 15 மட்டும் அது தெற்கிலயிருந்து வடக்கா நாட்டைக் கடக்குது, கொழும்புக்கு 7ஆம் திகதி அளவில. திரும்பி ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்தில. அப்ப வெயில் பிடிக்கிற இடம் எது? தெற்குச் சுவருமில்லை, வடக்குச் சுவருமில்லை, தட்டு. காலமை எட்டிலயிருந்து பின்னேரம் நாலு மட்டும் தட்டுத்தான் வெயிலைக் குடிக்குது. ஆறு அங்குல கொங்கிறீற்று குடிச்ச சூடு கீழ் முகத்துக்கு வந்து சேர நாலைஞ்சு மணித்தியாலம் எடுக்கும். அதுதான் வெளியில ஆறின பிறகும் உங்கட அறை எரியுது. இது போதாதெண்டு ஏப்ரலில பருவக்காத்து ரெண்டுக்கும் இடைப்பட்ட காலம், ராத்திரிக் காத்து செத்துப் போய்க் கிடக்கும்.

வெப்பமானியில பாத்தா 31, 32 எண்டுதான் காட்டும். அது காத்தின்ட சூடு. தட்டிலயிருந்து நேர உடம்புக்கு இறங்கிற கதிர்வீச்சை அது காட்டாது. ஃபேன் போட்டும் ஏன் எரியுது எண்டு கேக்கிற ஆக்களுக்கு மறுமொழி இதுதான். ஃபேன் காத்தை அசைக்கும், கதிர்வீச்சை மறிக்காது.

செய்யக்கூடியது ரெண்டு. ஒண்டு, தட்டுக்கு வெள்ளை. கறுத்துப்போன கொங்கிறீற் வெயிலின்ட பெரும்பகுதியை உறிஞ்சும், நல்ல வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். வெறும் சுண்ணாம்பு முதல் மழையோட போயிடும், பைண்டர் கலந்து ரெண்டு தரம் அடிக்க வேணும். ஆனா கொழும்பில தென்மேல் பருவக்காத்து முடிய எந்த வெள்ளையும் பாசி பிடிச்சுப் பச்சையாகும். வருசத்துக்கு ஒருக்கா, மாசி பங்குனியில தேச்சுக் கழுவாட்டி அடிச்ச காசு வீண். இதை ஒருத்தரும் சொல்லுறதில்லை.

மற்றது நிழல். தட்டுக்கு மேல ரெண்டடி உயரத்தில நிழல் வலை. தட்டோட ஒட்ட விரிச்சா வலை சுட்டு அந்தச் சூடும் உள்ள வரும். இடையில காத்து ஓட வேணும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா செய்த கூரையைப் பாத்திருப்பீங்கள், நெளி சீமெந்துத் தகட்டுக்கு மேல பழைய அரைவட்ட ஓடு. தகடு மழையை மறிக்கும், ஓடு வெயிலை மறிக்கும், ரெண்டுக்கும் இடையில காத்து. வடிவுக்கு எண்டு கன பேர் நினைக்கினம். கீழ படுத்துப் பாத்தவனுக்கு வித்தியாசம் தெரியும். அவர் வீடுகளுக்கு நடுவில வைச்ச முற்றம் எங்கட நாற்சார் வீட்டு முற்றத்தின்ட சொந்தக்காரன்தான், ஆனா நாலாம் மாடியில முற்றம் கேக்கேலாது, விடுவம்.

மேல்மாடி_வாசி | ஏப்ரல் 3, இரவு 8:15

ஐயா, மிச்சம் நன்றி. முதலில ஒரு திருத்தம், நான் தம்பி இல்லை 😄

வீட்டுக்காரரிட்டக் கேட்டன். பெயின்ட் வேண்டாமாம், தட்டு ஒழுகினா ஆர் பொறுப்பு எண்டு கேக்கிறார். வலை கட்டலாம், ஆணி அடிக்காமல் எண்டால். ஆனா மேசன்மார் எல்லாரும் சித்திரை வருசத்துக்கு ஊருக்குப் போகினம், 20ஆம் திகதிக்குப் பிறகுதான் வருவினமாம். அது மட்டும் இந்த அடுப்புக்குள்ளதானோ?

பழைய_வரைவாளர் | ஏப்ரல் 3, இரவு 8:40

மன்னிச்சுக்கொள் பிள்ளை. வலை கட்ட மேசன் எதுக்கு? சுத்திவர அரைச்சுவர் இருக்கெண்டா நைலோன் கயிறு போதும்.

மாளிகாவத்தை_ராத்தா | ஏப்ரல் 4, காலை 10:30

தட்டு வீட்டுக்காரங்க சரி, எங்களப் போல அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட ஆக்கள் என்ன செய்ற? எங்கட வீடு ரெண்டு பேர்ச்சஸ் துண்டுக் காணி, ரெண்டு பக்கமும் சுவர் ஒட்டு, முன்னுக்கு ஒரு ஜன்னல், பின்னுக்கு குசினிக் கதவு. பகல் பன்னெண்டுல இருந்து நாலு வர உள்ளுக்கு இருக்க ஏலா. ஆனா ஒரு விஷயம், ஏழு மணியாகக்குள்ள சீட் ஆறிடும். மெல்லிசுதானே, சூட்ட வெச்சுக்கொண்டு இருக்காது. நோன்பு நேரம் பகல்ல பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ராவைக்குப் பரவால்ல.

போன வருசம் செஞ்சத சொல்றன். சீட்டுக்குக் கீழ வெள்ளிப் பொயில் ஷீட் கட்டினோம். கட்டின பாஸ் முதல்ல சீட்டோட ஒட்டி வெச்சாரு, ஒண்டும் மாறல்ல. எங்கட தம்பி சொல்லி நாலு விரல் இடைவெளி விட்டுத் திருப்பிக் கட்டினதுக்குப் பொறகுதான் வித்தியாசம் விளங்கிச்சு. பளபளக்கிற பக்கம் கீழ பார்க்கணும், மேல பார்த்தா தூசி படிஞ்சி மங்கிடும். அதோட முன்னுக்கும் பின்னுக்கும் முகட்டுக்குக் கீழ ஒரு அடி திறந்து வலை அடிச்சோம். சூட்டுக் காத்து போறதுக்கு வழி வேணுமே.

முக்கியமா ஒண்டு. பழைய சீட்ட தேய்க்கிறது, பிரஷர் மெஷினால கழுவுறது, துளை போடுறது எல்லாம் செய்ய வேணாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா பல வருசம் கழிச்சி வேலயக் காட்டும். எங்கட பக்கத்து ஆக்கள் ஒரு முகமூடி கூட இல்லாம ஏறி உடைக்கிறாங்க.

ஹட்டன்_டு_கொட்டாஞ்சேனை | ஏப்ரல் 4, மதியம் 1:15

அக்கா, அந்தச் சீட்டுக்கும் எங்க தேயிலைக்கும் ஒரு கதை இருக்குங்க. 2017 டிசம்பர்ல ரஷ்யாக்காரன் தேயிலையில பூச்சி இருக்குன்னு எறக்குமதிய நிப்பாட்டினான். கொஞ்ச நாள்ல நம்ம நாட்டுல அஸ்பெஸ்டஸுக்குப் போட இருந்த கட்டுப்பாடு தள்ளிப் போச்சு, தேயிலையும் திரும்பப் போச்சு. அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் வர்றதும் அங்க இருந்துதானே.

நான் கொட்டாஞ்சேனையில போர்டிங். ஒரு ரூம்ல மூணு பேரு, ஜன்னல் ஒன்னு, அது தொறந்தா பக்கத்துக் கட்டடத்து ஏசி மெஷின் ரெண்டு மூஞ்சில ஊதுது. அவன் வீட்டச் சூட்ட நாங்க வாங்கிக்கிறோம், வாடகையும் நாங்கதான் கட்றோம். மலையில போர்வை இல்லாம தூங்கினதில்ல, இங்க வந்து மொத வாரம் அழுகையே வந்துருச்சு.

எங்களுக்கு வேலை செஞ்சது என்னன்னா, மேசை ஃபேனை எங்க மூஞ்சிக்கு வைக்காம, ராத்திரி ஒம்பது மணிக்கு ஜன்னல்ல வெளிய பார்த்த மாதிரி வச்சோம். ரூம் கதவத் தொறந்துட்டா படிக்கட்டுப் பக்கத்துக் காத்து உள்ள வருது, ரூம் சூடு வெளிய போகுது. அரை மணி நேரம். பொறகு ஃபேனைத் திருப்பி ஆளுக்கு. அப்புறம் ஸ்பொஞ்ச் மெத்தையத் தூக்கி நிமித்தி வச்சுட்டு தரையில பன்பாய். மெத்தை முதுகுச் சூட்டப் புடிச்சு வச்சுக்குது.

ஓட்டுவீடு_தெஹிவளை | ஏப்ரல் 4, மாலை 5:50

பகலில யன்னல் பூட்டுறதா திறக்கிறதா? எங்கட வீட்டில இதுக்கு ஒவ்வொரு நாளும் சண்டை. மனுசி எங்கயோ வாசிச்சிட்டு காலமை எட்டு மணிக்கே எல்லாத்தையும் பூட்டித் திரையும் இழுத்துவிடுறா. நான் திறக்கிறன், அவ பூட்டுறா.

தோஹா_ரிட்டர்ன் | ஏப்ரல் 4, மாலை 6:04

பூட்டுறதுதான் சரி. சூட்டுக் காத்தை ஏன் உள்ள விடுவான்?

பழைய_வரைவாளர் | ஏப்ரல் 4, இரவு 7:30

அண்ணை திரும்பவும் தோஹாவுக்குப் போயிட்டார். ராத்திரி நல்லாக் குளிர்ந்து பகலில கொதிக்கிற ஊரில பூட்டலாம், ராத்திரிக் குளிரைச் சேமிக்கலாம். கொழும்பில ராத்திரி 25, 26. பகல் 32. சேமிக்க என்ன இருக்கு? பூட்டின வீட்டுக்குள்ள சமையல், ஆக்கள், ஃபிரிஜ் எல்லாம் சூடும் ஈரமும் விடும். பத்தரை, பதினொரு மணிக்கு கடல் காத்து எழும்பும், அதை மறிச்சா நட்டம் உங்களுக்கு. வெயில் விழுற யன்னலை மறையுங்கோ, விழாத யன்னலைத் திறவுங்கோ. மனுசிக்கும் பாதி வெற்றி, உங்களுக்கும் பாதி வெற்றி.

மறைக்கிறதை வெளியில மறையுங்கோ. கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போட்டா வெயில் வீட்டுக்குள்ள வந்த பிறகுதானே திரையில படுது.

மேல்மாடி_வாசி | ஏப்ரல் 4, இரவு 9:22

இதிலதான் எனக்குச் சிக்கல். எங்கட பெரிய யன்னல் மேற்குப் பக்கம், கடலைப் பாத்தது. காத்து வாறதும் அதாலதான், ரெண்டு மணிக்குப் பிறகு வெயில் வாறதும் அதாலதான். வெயிலை மறிச்சா காத்தும் போகுது.

கடலோரக்_காகம் | ஏப்ரல் 4, இரவு 10:05

அக்கா, நாங்களும் அதே திசைதான். மூங்கில் தட்டியை யன்னலோட ஒட்டித் தொங்கவிடாதையுங்கோ. பல்கனி விளிம்பில கட்டி, கீழ் முனையை வெளிப்பக்கமா இழுத்துக் கம்பியில கட்டுங்கோ, சாய்ச்ச கூரை மாதிரி. பின்னேர வெயில் தட்டியில படும், காத்து கீழால வரும். ஆறு மணிக்குச் சுருட்டி விடுங்கோ. மே மாசக் காத்துக்கு முதல் கழட்டாட்டி தட்டி பாணந்துறைக்குப் போயிடும், அனுபவம்.

வாட்டு_நைற்_டியூட்டி | ஏப்ரல் 5, காலை 6:40

தாதி ஒராள் எழுதுறன், வேலை முடிஞ்சு வந்த களை, எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கோ.

72 வயசு அம்மாவும் கைக்குழந்தையும் இருக்கிற வீடு எண்டதால சொல்லுறன். வயசானவைக்குத் தாகம் பிந்தித்தான் தெரியும், கேட்டுக் கேட்டுக் குடிக்கக் குடுக்க வேணும். பிறஷர், இருதயக் குளிசை எடுக்கிறவையெண்டா எவ்வளவு தண்ணி எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ. ஈரத்துணியை யன்னலில போடாமல் கழுத்தில, கையில தடவி ஃபேனுக்கு முன்னால இருந்தா அது நல்லது. பிள்ளையைத் தடிச்ச துணியால சுத்த வேண்டாம், தொட்டிலை நாலு பக்கமும் மூடவும் வேண்டாம். ஆராவது கதைக்கிறது குழம்பினா, மயங்கினா, உடம்பு நெருப்பாச் சுட்டா கைமருந்து பாக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

மற்றது, தட்டில தண்ணி ஊத்திக் குளிர்த்திறம் எண்டு வெளிக்கிட்டுப் பள்ளத்தில தண்ணி தேங்கவிட்டால் டெங்குதான். பூச்சட்டித் தட்டு, பீலி எல்லாம் பாருங்கோ. 2017இல வாட்டில நிலத்திலயும் ஆக்களைப் படுக்க வைச்ச காலத்தை நான் மறக்கேல்லை.

மேல்மாடி_வாசி | ஏப்ரல் 6, மாலை 4:10

ஒரு புதினம். இங்க எழுதினதுகளை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கதிர்வீச்சு எண்ட இடத்தில அவ சொன்னா, "உதுக்குத்தானே அந்தக் காலம் வெள்ளை கட்டினது".

தெரியாத பிள்ளையளுக்கு: யாழ்ப்பாணத்தில கலியாணம், செத்தவீடு எண்டா கூரைக்குக் கீழ வெள்ளை வேட்டிகளை இழுத்துக் கட்டுறவை. அது சடங்குக்கு. ஆனா அம்மா சொல்லுறா, தகரக் கொட்டிலில கலியாணம் நடக்கேக்க வெள்ளைக்குக் கீழ இருந்தா சூடு தெரியாது, வெள்ளை கட்டாத பக்கம் ஒருத்தரும் இருக்கமாட்டினமாம். படுக்கை அறைத் தட்டுக்குக் கீழ கட்டினால் என்ன எண்டு கேக்கிறா. ஐயா, இது சரிவருமோ?

பழைய_வரைவாளர் | ஏப்ரல் 6, மாலை 5:02

அம்மாவுக்கு என்ட வணக்கத்தைச் சொல்லு பிள்ளை. முப்பது வருசம் சீலிங் கீறினவன், எனக்கு இது தோன்றேல்லை.

சரிவரும். துணி தட்டின்ட சூட்டுக்கும் உங்களுக்கும் இடையில நிக்கும், அதின்ட ரெண்டு பக்கமும் காத்து அசைஞ்சா துணி காத்தின்ட சூட்டுக்கு மேல பெரிசா ஏறாது. அதுக்கு ஒரு அடியாவது இடைவெளி விடுங்கோ, ஓரங்களைச் சுவரோட அடைக்காதையுங்கோ. சீலிங் ஃபேனைக் கட்டாயம் நிப்பாட்ட வேணும், துணி சுத்துப்பட்டால் பெரிய ஆபத்து. சுவிச்சுக்கு மேல டேப் ஒட்டுங்கோ. ஸ்டாண்ட் ஃபேன் பாவியுங்கோ. பல்புக்குக் கிட்டவும் துணி போகக்கூடாது, சாமி விளக்கும் அந்த அறையில வேண்டாம்.

ஹட்டன்_டு_கொட்டாஞ்சேனை | ஏப்ரல் 6, இரவு 9:48

ஃபேன் வாங்குறதுன்னா ஒரு கணக்கு. பழைய மாடல் 75 வாட், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா மாசம் 27 யூனிட். கரண்ட் கொறைய எடுக்கிற புது பிஎல்டிசி மோட்டர் ஃபேன் 30 வாட் கிட்ட, 11 யூனிட்டுக்குள்ள முடிஞ்சிரும். மாசம் 60 யூனிட்டத் தாண்டினா பில் வேற கணக்குக்குப் போயிடும்ல, அந்தக் கோட்டுல நிக்கிறவங்களுக்கு இது பெருசு. வெலை கூடத்தான். ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓட விடாதீங்க, அது ஆளைத்தான் ஆத்தும், ரூம ஆத்தாது.

ஓட்டுவீடு_தெஹிவளை | ஏப்ரல் 7, காலை 8:20

2022 பங்குனி முடிவில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தமே, அப்ப எந்த வாட்? பனையோலை விசிறிதான். அம்மம்மா தந்த விசிறியை இன்னும் எறியேல்லை.

மேல்மாடி_வாசி | ஏப்ரல் 19, இரவு 10:35

செய்து பாத்திட்டு வந்து எழுதுறன்.

முதலில தோல்வி. வலை வாங்க முதல் தம்பி கிடுகு, பின்னின தென்னோலை, கொண்டுவந்து தட்டில பரப்பினான், ஊரில இருந்த ஞாபகத்தில. மூண்டே நாள். காகங்கள் ஈர்க்கு ஈர்க்கா உருவிக்கொண்டு போய் பக்கத்து வீட்டுத் தண்ணித் தாங்கிக்கு மேல கூடு கட்டத் தொடங்கிட்டுது. வீட்டுக்காரர் மேல வந்து பாத்த பார்வையை நான் எழுதேல்லை.

பிறகு பச்சை வலை, படுக்கை அறைக்கு நேர மேல மட்டும், அரைச்சுவருக்கு அரைச்சுவர் நைலோன் கயிறு. நடுவில தொய்யாமல் ரெண்டு பழைய பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து முட்டுக் குடுத்திருக்கு. கவிழ்த்துத்தான் வைச்சனாங்கள், தாதி அக்கா பயப்பட வேண்டாம். மேற்கு யன்னலுக்குத் தட்டி, கடலோரக்_காகம் சொன்ன சாய்வில. சமையல் காலமை எட்டு மணிக்கு முதல் முடியும், பின்னேரம் அடுப்பு மூட்டுறதில்லை.

வெப்பமானி ராத்திரி பத்து மணிக்கு முந்தி 32.5 காட்டினது, இப்ப 31. ஒண்டரைப் பாகைக்கோ இவ்வளவு கூத்து எண்டு நானும் நினைச்சன். ஆனா கட்டிலில ஏறி நிண்டு தட்டில கை வைச்சா இப்ப கையை எடுக்கத் தோன்றேல்லை, வைச்சுக்கொண்டு நிக்கலாம். வலை கட்டாத விறாந்தைப் பக்கம் இன்னும் அதே சூடு. அந்தப் பக்கம் போனால்தான் என்ன மாறியிருக்கெண்டு விளங்குது.

தட்டுக்குத் தண்ணி ஊத்திப் பாக்கேல்லை. வீட்டுக்காரரின்ட பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கு.

மாளிகாவத்தை_ராத்தா | ஏப்ரல் 19, இரவு 11:02

மாஷா அல்லாஹ். வெள்ளை கட்டினீங்களா தங்கச்சி? அத எழுதல்லயே. எந்தத் துணி?

மேல்மாடி_வாசி | ஏப்ரல் 19, இரவு 11:15

கட்டினனாங்கள் ராத்தா. அப்பாவின்ட பழைய எட்டு முழ வேட்டி நாலு, அலுமாரிக்கு மேல இருந்தது. சுவரில ஆணி இல்லை, ரெண்டு அலுமாரிக்கும் திரைக் கம்பிக்கும் இடையில கயிறு. கீழ் வீட்டு அன்ரி பிள்ளையைப் பாக்க வந்தவ, நிமிந்து பாத்திட்டு, "ஆருக்கு என்ன நடந்தது" எண்டு பதறிப்போனா. அம்மா சிரிச்சுச் சிரிச்சு விளங்கப்படுத்தினவ.

ஒரு குறை இருக்கு. பல்லி தட்டிலயிருந்து துணியில விழுந்தா போக வழி தெரியாமல் அங்கயும் இங்கயும் ஓடுது, கீழயிருந்து நிழல் மட்டும் தெரியும். மகன் மல்லாக்கப் படுத்துக்கொண்டு அதைப் பாத்துக் கையைக் காலை அடிக்கிறான். இப்பவும் முழிச்சுத்தான் கிடக்கிறான், ஆனா அழேல்லை.